மூன்றாம் பாடத்துக்கு ஓர் ஆள் குறைவு

மே 4
அலாஸ்கா, மீன் ஆலை விடுதி

அக்கா,

ஏன்னா, அந்த ரூம்ல எனக்கு மூச்சு முட்டுச்சு, அவ்வளவுதான். அதுக்கு மேல பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது. "அவன் எதுக்கு கிளாஸை விட்டுட்டு ஓடினான்னு மட்டும் கேளு, மத்தபடி அவன்கூட எனக்குப் பேச்சு இல்ல"ன்னு அம்மாகிட்ட சொன்னியாமே. நேத்து போன்ல அம்மா கேட்டாங்க. நீ என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்க. அதான் தபால்ல பதில்.

பெட்ரோசியன் சார் முதல் நாளே போர்டு முழுக்க ஒண்ணும் சைபருமா எழுதிட்டு, "இதுதான் கம்ப்யூட்டரோட வயிறு"ன்னார். நான் நோட்டை மூடிட்டேன். அடுத்த கிளாஸ்லயும் அதே சைபர். ஜன்னல் வழியா பாத்தா பார்க்கிங்ல ஒருத்தன் கார் சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கிட்டு இருந்தான். எனக்கு அவன்மேல பொறாமை. அன்னிக்கு ராத்திரியே பேரை எடுத்துட்டேன். அடுத்த நாள் சியாட்டில் பஸ்.

நான் ஒருத்தன் போனா ஆளு பத்தாம கிளாஸே விழுந்துரும்னு எனக்குத் தெரியாது. "நான் சொன்னேனே"ம்ப. சொல்லியிருப்ப. கால்குலஸ் எந்த டெர்ம், பிசிக்ஸ் எந்த டெர்ம், எதை முடிச்சா எது திறக்கும்னு நீ சொல்லிட்டே இருப்ப. நான் தலையாட்டிட்டே இருப்பேன். அது காதுல விழுந்த மாதிரி ஆகுமா?

இங்க நாள் முழுக்க மீன். பெல்ட்ல வரும், மெஷின் தலையை வெட்டும், விட்டதை நான் வெட்டணும். விரல் மரத்துப் போகுது. யோசிக்க வேண்டியதில்ல. அது எனக்குப் புடிச்சிருக்கு.

யூனிவர்சிட்டி உன்னை எடுத்துக்கிச்சாமே. அம்மா சொல்லி அழுதாங்க. அந்த யூனிவர்சிட்டி பேரும், அதுக்குக் கீழ 'அம்மா'ன்னும் போட்ட தடிச் சட்டையை வாங்கி, இந்த வெயில்ல சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போறாங்களாம். நீ ஜெயிச்சுட்ட. நான் கெடுத்தும் ஜெயிச்சுட்ட. இப்பவாவது நம்பரைத் திறந்து விடு.

நெஃப்தாலி

*

ஜூன் 2
சான் லிபோரியோ, கலிபோர்னியா

நெஃப்தாலிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், மன்னிப்பு என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று. மீன்தான் இருந்தது.

நீ பேரை எடுத்த பிறகு என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மறு வகுப்புக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. பெட்ரோசியன் சார் வராந்தாவில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, சாவு வீட்டில் சொல்வது போலச் சொன்னார். "ஒரு ஆள் குறைஞ்சுதும்மா. ஆபீஸ்ல எடுத்துட்டாங்க." உன் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பழக்கொட்டகையில் பகல் முழுவதும் பீச் பழம் பொறுக்கிப் போட்டுவிட்டு, நான்கு வருடமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். கணினிப் பாடம் மூன்று தொடர். முதல் இரண்டையும் இங்கே நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தேன். நீ விட்டுப் போன அந்த மூன்றாவது இல்லாமல் பல்கலைக்கழகம் என் விண்ணப்பத்தைத் தொடாது. அதனால் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரியில் அதே பாடத்தை இணையவழியில் எடுத்தேன். எடுக்கும்முன் நம் கல்லூரி ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர்தான் அந்த நாற்காலியில் இருப்பார், உனக்குத் தெரியும். இந்த முறை இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "மாநிலம் பூரா ஒரே பாடம், ஒரே நம்பர். தைரியமா எடுத்துக்கோ" என்றார். எடுத்தேன். முதல் தர மதிப்பெண்.

அனுமதி நிபந்தனையோடுதான் வந்திருக்கிறது. இரண்டு கல்லூரிகளின் இறுதி மதிப்பெண்களும் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறுதி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நல்ல மார்க்தானே, அப்புறம் என்ன" என்றாள். அவள் சொல்வது சரிதான். இருந்தாலும் நான் இன்னும் யாரிடமும் விடைபெறவில்லை.

நம்பரைத் திறக்க மாட்டேன். கடிதம் எழுதலாம்.

அராசெலி

*

ஜூலை 9
அலாஸ்கா

அக்கா,

நீ எழுதறது ஆபீஸுக்குப் போடற மனு மாதிரி இருக்கு. ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். ரொடெல்னு ஒரு பிலிப்பினோ அண்ணன், பக்கத்துக் கட்டில். "உங்க அக்கா ஜட்ஜாடா?"ன்னார். "இல்லண்ணே, பீச் பழம் பொறுக்கறா"ன்னேன். "அப்ப பழத்துக்கு ஜட்ஜு"ன்னார்.

சரி. மன்னிச்சுக்கோ. எழுதிட்டேன், பாத்துக்கோ, மீனுக்கு நடுவுல இல்லாம தனியாவே எழுதியிருக்கேன்.

எப்பக் கிளம்பற? ஹாஸ்டல்ல யாரோட தங்கப் போற? அம்மாவோட பீன்ஸ் சட்டியைத் தூக்கிட்டுப் போயிராத, நான் திரும்பி வந்தா எனக்குச் சோறு வேணும். நான் வேணும்னா இந்த சீசன் முடிஞ்சு வந்து அம்மாகூட இருக்கேன். நீ வீட்டைப் பத்திக் கவலைப்படாம போ. கொட்டகை மேஸ்திரி டெல்ஃபினோகிட்ட கடைசி நாளன்னிக்கு என்ன சொல்லப் போறேன்னு நாலு வருஷமா வச்சிருந்தியே, அதைச் சொல்லிட்டியா? சொன்னா அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எழுது.

நெஃப்தா

*

ஆகஸ்ட் 11
சான் லிபோரியோ

நெஃப்தாலிக்கு,

அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள்.

காரணத்தை நீ ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் நிதானமாக எழுதுகிறேன். நான் எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை. அந்த மூன்று பாடங்களும் ஒரே கல்லூரியில் படிக்கப்பட்டிருக்க வேண்டுமாம். இரண்டு இங்கே, ஒன்று அங்கே என்றால் மூன்றுமே படிக்காததற்குச் சமம். பாட எண் ஒன்றாக இருப்பது கல்லூரிகளுக்குள் செல்லும். இந்தப் பல்கலைக்கழகத்தில், இந்தத் துறைக்கு மட்டும் செல்லாது. அது அவர்களுடைய பக்கத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஆலோசகரும் பார்க்கவில்லை. அவர் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார்.

சரி, முதல் இரண்டையும் கடற்கரைக் கல்லூரியிலேயே திரும்பப் படித்துவிடுகிறேன் என்று அவர்களைக் கூப்பிட்டேன். என்னைச் சேர்க்கும்போதே இங்குள்ள மதிப்பெண்களை வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினாள். "நீங்க அதுல பாஸ் பண்ணிட்டீங்களே. பாஸ் பண்ணினதைத் திரும்பப் படிக்க விட மாட்டோம். ஃபெயில்னா விடலாம்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அந்த இரண்டு பாடத்துக்காகக் கொட்டகைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். தோற்றிருந்தால் தப்பித்திருப்பேன்.

மேல்முறையீடு போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது.

அம்மா அந்தச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததும் மறுபடி போட்டுக்கொள்கிறாள். போன ஞாயிறு சர்ச் வாசலில் ஒருத்தி, "பொண்ணு எப்பப் போறா?" என்று கேட்டாள். "சீக்கிரமே" என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

டெல்ஃபினோவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கும் வேலை இருக்கிறது.

அந்த வகுப்பில் நீ இன்னும் ஒரு வாரம் தூங்கியிருந்தால் போதும். தூங்கினால்கூடத் தலையை எண்ணியிருப்பார்கள்.

அராசெலி

*

செப்டம்பர் 1
அலாஸ்கா

அக்கா,

படிச்சுட்டு வெளிய போய் நின்னேன். மழை. மறுபடி உள்ள வந்து படிச்சேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சது நான்தான். நீ அதைச் சொல்ல வேண்டியதில்ல, ஆனாலும் சொல்லிட்ட. சொல்லு. நான் இதுல சண்டைக்கு வரல.

ஆனா அடங்கி உக்காந்துராத. அந்த யூனிவர்சிட்டி இல்லன்னா இன்னொண்ணு. பக்கத்துல ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்குல்ல? போய் அந்த ஆபீஸ் வாசல்ல உக்காரு. கத்து. நீ கத்த மாட்ட, உனக்குக் கத்தத் தெரியாது. நம்ம வீட்டுல கத்தற வேலையெல்லாம் எனக்குத்தான் வந்துச்சு, அதை நான் தேவையில்லாத இடத்துல எல்லாம் செலவு பண்ணிட்டேன்.

ரொடெல் அண்ணன் கிட்ட சொன்னேன். அவர் ஊர்ல மாலுமிப் படிப்புப் படிச்சவராம். கப்பல் வேலைக்கு ஒரு பேப்பர் குறைஞ்சதால மீன் வெட்ட வந்தாராம். எந்தப் பேப்பர்னு கேட்டேன். "இப்ப அது எனக்கே மறந்துருச்சு"ன்னார். அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் வரல. நீ அந்த மாதிரி சொல்ற ஆளா ஆயிராத.

நான் என்ன பண்ணணும்? ஏதாவது ஒண்ணு சொல்லு. சும்மா இருன்னா சும்மா இருக்கேன்.

நெஃப்தா

*

நவம்பர் 15
சான் லிபோரியோ

நெஃப்தாலிக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாததுதான். நீ சொன்ன இடத்துக்கும் போனேன். அங்கே கணினித் துறையில் இடம் நிரம்பி வழிகிறது, வசந்த காலத்தில் யாரையும் எடுப்பதில்லை. கத்தவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் பெட்ரோசியன் சார் கொட்டகைக்கே வந்தார். கோட்டு போட்டுக்கொண்டு, பழத்தோல் வழுக்கும் தரையில் அடிமேல் அடி வைத்து என் மேசை வரைக்கும் நடந்து வந்தார். டெல்ஃபினோ அவரை ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துத் தொப்பியை நேராக்கிக்கொண்டான். ஜனவரியில் மூன்றாம் பாடத்தை மறுபடி போடுகிறார்களாம். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி முறை. "அப்புறம் யாரு எடுப்பாங்கன்னு தெரியல. அநேகமா யாரும் எடுக்க மாட்டாங்க. நீ வா" என்றார்.

இங்கே நான் மூன்றாவதைப் படித்ததாகப் பதிவு இல்லை. கடற்கரைக் கல்லூரியின் மதிப்பெண்ணை இங்கே காட்டவே இல்லை. அதனால் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். மூன்றும் ஒரே கல்லூரி என்றாகிவிடும். படித்ததையே மறுபடி படிக்க வேண்டும், அது பரவாயில்லை. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக விண்ணப்பமும் போட்டுவிட்டேன்.

ஆனால் வகுப்பு நடக்க ஓர் ஆள் குறைகிறது. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். முந்தைய இரண்டு பாடங்களிலும் தேறியவர்தான் சேர முடியும். அப்படி இந்த ஊரில் சும்மா இருக்கிறவர்கள் யாரும் இல்லை. நீ ஒருவன்தான். நீயும் ஊரில் இல்லை.

இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காமலே முடித்துவிடலாம் என்றும் நினைத்தேன். கேட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள்.

அராசெலி

*

டிசம்பர் 6
அலாஸ்கா

அக்கா,

பதிஞ்சுட்டேன். உன் கடிதம் வந்த அன்னிக்கே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து பதிஞ்சேன். பாஸ்வேர்டு மறந்துபோச்சு, மூணு தடவை தப்பாப் போட்டேன். அந்த ஆபீஸ் அம்மா பின்னால நின்னுக்கிட்டு, "என்னப்பா, பேங்கையா உடைக்கற?"ன்னாங்க. "இல்லங்க, காலேஜை ஒட்ட வைக்கறேன்"னேன்.

இப்ப ஆளு சரியா இருக்கு. கணக்குக்கு ஒரு தலையா வரேன். தூங்குவேன், ஆனா உள்ள உக்காந்து தூங்குவேன். பெட்ரோசியன் சார் சைபர் போட்டா எண்ணிக்கிட்டு இருப்பேன். ஒரு டெர்ம் பூரா. சத்தியமா.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, குளிரால விமானம் எல்லாம் தள்ளித் தள்ளிப் போகுது. டமால் பலகாரம் பண்ணச் சோள மாவு பிசைய ஆளில்லன்னு அம்மா புலம்புவாங்க, நீயே பிசைஞ்சுரு. கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் வந்துருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். வந்தாலும் சந்தோஷம்தான்.

நெஃப்தா

*

ஜனவரி 5
யாக்கிமா, வாஷிங்டன், சித்தி வீடு

நெஃப்தாலிக்கு,

இந்தக் கடிதம் உனக்கு அங்கே கிடைக்குமா, நீ கிளம்பிவிட்டிருப்பாயா என்று தெரியவில்லை. அதனால் இதை அம்மாவின் முகவரிக்கே அனுப்புகிறேன். நீ போகும்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. ஒரு முறை அனுமதி ரத்தானவர்களை அதே துறைக்கு மறுபடி பரிசீலிப்பதில்லையாம். வேறு துறைக்குக் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். கணினி அதில் இல்லை.

அதைப் படித்துவிட்டு மாவு பிசைந்தேன். அம்மாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னபோது, "சரி, கழற்றிடறேன்" என்று உள்ளே போய், அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தாள். நான் அதைக் கேட்கவில்லை. அவள் போட்டுக்கொண்டே இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கே சித்தியைக் கூப்பிட்டேன். இங்கே ஆப்பிள் கொட்டகையில், ஆபீஸில் வேலை. நாற்காலி இருக்கிறது.

என்னைத் திட்டாதே. எனக்குக் கோபம்கூட இல்லை. எந்தக் கதவு எந்தத் தேதியில் மூடும் என்று எண்ணியே என் வயது போனது. ஒவ்வொரு படியிலும் தேறினேன், நெஃப்தா. தேறிக்கொண்டே கீழே வந்திருக்கிறேன்.

வகுப்பிலிருந்து என் பெயரை எடுக்கப் போனேன். கை வரவில்லை. முதல் நாள் வராதவர்களின் பெயரை அவர்களே அடித்துவிடுவார்கள், அது போதும். நீயும் உன் பெயரை எடுத்துவிட்டு உன் மீனுக்கே திரும்பிப் போ. எனக்காக வர வேண்டியதில்லை இனி.

உன் நம்பரைத் திறந்து வைத்திருந்தேன். இப்போது மறுபடி மூடிவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் திரும்பி வந்துவிடுவேன், வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அராசெலி

*

ஜனவரி 13
சான் லிபோரியோ, கிளாஸ் ரூம்

அக்கா,

இல்ல, திரும்பிப் போகல. பெட்ரோசியன் சார் இன்னும் வரல, அதுக்குள்ள எழுதறேன். சித்தி வீட்டுக்கு நேத்து ராத்திரியும் காலையிலயும் போன் அடிச்சேன், நீ ஷிஃப்ட்ல இருக்கன்னு சித்தி பொய் சொல்றாங்க. பின்னால உன் இருமல் கேட்டுச்சு. இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிருக்கும். இருந்தாலும் எழுதறேன், என் கைக்கு வேற வேலை இல்ல.

அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாங்க, உன் கடிதத்தைப் பக்கத்துல வச்சாங்க. "அவ எங்கிட்ட ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம்"ன்னாங்க. அவ்வளவுதான்.

முன்னாடி பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, எவலினாவாம். ஆஸ்பத்திரியில படுக்கை மாத்தற வேலை, ரெண்டு பிள்ளை. சாயங்காலம் பிள்ளைகளை பக்கத்து வீட்டுல விட்டுட்டு வராங்க. அவங்களுக்கும் இந்த ஒண்ணுதான் பாக்கி. போன ஜனவரியில இதே பாடம் விழுந்தப்ப அவங்களும் இருந்தாங்களாம். எனக்கு அவங்களை அடையாளம் தெரியல. அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சுது. "நீதானே அந்தப் பையன்?"ன்னாங்க. ஆமான்னேன். "இந்தத் தடவை இருப்பியா?"ன்னாங்க. இருப்பேன்னேன். "உங்க அக்கா எங்கே?"ன்னாங்க. வந்துட்டு இருக்கான்னு சொல்லிட்டேன். அம்மா சர்ச் வாசல்ல சொன்ன மாதிரியே வாய்ல வந்துருச்சு.

இப்ப ஆளு சரியா இருக்கு, உன்னையும் சேர்த்து. நீ இல்லன்னா மறுபடி ஒண்ணு குறையும். நீ அதை யோசிக்கலன்னு எனக்குத் தெரியும். உன்னால அப்ப எதையும் யோசிக்க முடியல. நான் உன்னைக் குத்திக்காட்ட எழுதல. குத்திக்காட்டற தகுதி எனக்கு இல்லவே இல்ல. ஆனா இது தெரிஞ்சும் சொல்லாம இருந்தா, அதுவும் ஓடறதுதான்.

கிளாஸுக்கு முன்னாடியே ஆபீஸ் ரூமுக்குப் போய் சாரைப் பிடிச்சேன். "சார், அவ பேரை ஒரு வாரம் விட்டு வைங்க"ன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். "வராத ஆளை வந்ததா எழுதி நான் ரிட்டையர் ஆகணுமாப்பா?"ன்னார். "எழுத வேண்டாம் சார், மறந்துருங்க"ன்னேன். "உங்க அக்காவை என்னால மறக்க முடியாது, அதுதான் பிரச்சினை"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல. நல்லதா கெட்டதான்னு தெரியல.

நீ வந்தாலும் உன்னை அந்த யூனிவர்சிட்டி எடுக்காது. எனக்குத் தெரியும். வா, எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன், சரியாகாது. உனக்கு இனிமே இந்த கிளாஸால ஒரு பிரயோஜனமும் இல்ல. இந்த எவலினாவுக்காக, உனக்கு முகமே தெரியாத ஒரு அம்மாவுக்காக, யாக்கிமாவுல இருந்து வந்து உக்காருன்னு கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல. நீ கேட்டியே, கேட்டுட்டேன்னே வச்சுக்கோன்னு. அப்படியே வச்சுக்கோ.

சார் வந்துட்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில மாட்டறார். லிஸ்டை எடுத்துட்டார். அகர வரிசையில வாசிக்கறார், எவலினா "இருக்கேன்"னு சொல்லிட்டாங்க. அடுத்து நம்ம குடும்பப் பேரு, ஓரோஸ்கோ, ரெண்டு பேரு. உன் பேரு எனக்கு முன்னாடி.

வாசிச்சுட்டார். உன் பேரை.

தலையைத் தூக்கிப் பார்த்துட்டு இருக்கார். பென்சில் கையில இருக்கு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கறாங்க. இன்னொரு தடவை வாசிக்கறார். உன் பேரை அடிக்கறதுக்குள்ள நான் சார்கிட்டப் போகணும் இப்ப